கைகொட்டிப் பவளம்

பிந்துலு, சரவாக்
3.3.1996

அன்புள்ள பவானிக்கு,

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே ஒரு போன். ஞாயிற்றுக்கிழமை வரிசை கேட் வரை நிற்கிறது. நான் 'ஹலோ' சொல்வதற்குள் பின்னால் நிற்பவன் இருமத் தொடங்கிவிடுகிறான். குருபோங் வீட்டில் போனை எடுப்பதும் எப்போதும் அம்மாதான். ஆகவே உன்னிடம் சொல்ல வேண்டியதை எழுதிவிடுவதே மேல்.

நீ சிரித்தாலும் சரி, முதலில் என் மீன் தொட்டி. வீட்டுக்குள் ஒரு கடலையே வைத்திருப்பவனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாய், என்ன செய்வது. வேலைக்குப் போகும்முன், தண்ணீர் சூடாகாமல் இருக்க அதன் மேல் காற்றாடி ஓடுகிறதா என்று பார். வெயிலில் தண்ணீர் வற்றும். வற்றுவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே நின்றுவிடும். அதனால் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்று, உப்புத் தண்ணீரை ஊற்றாதே.

நடுக் கல்லில் திராட்சைக் கொத்துப் போல உப்பியிருக்கிறதே குமிழ்ப் பவளம், அதை மட்டும் கண்ணாகப் பார்த்துக்கொள். வாங்கும்போது எலுமிச்சம்பழம் அளவுதான். இரண்டு கை சேர்ந்த அளவுக்கு வர ஐந்து வருஷம் ஆனது. அது போனால் எனக்கு இன்னொன்று வளர்க்க மனம் வராது.

குடும்பத்தோடு தங்க இங்கே குவார்ட்டர்ஸ் கட்டுகிறார்கள். ஆனால் நீயும் வந்துவிட்டால் தொட்டியை யார் பார்ப்பது? அம்மாவுக்கு அதில் கை வைக்கவே பயம். பிறகு யோசிப்போம்.

வேளைக்குச் சாப்பிடு. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
திருச்செல்வம்

*

குருபோங், மலாக்கா
24.3.1996

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நானும் அத்தையும் நலம். அத்தையின் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, விருந்தாளி வந்தால் வலிப்பதில்லை. நீங்கள் அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே.

உறைமேல் உங்கள் பெயரை எழுதுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. எங்கள் ரெம்பியா ரப்பர் தோட்டத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கிலீஷில் எழுதினால் குற்றமில்லை என்று அத்தை தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எழுதினேன்.

ஒரு விஷயம். நீங்கள் போகும்முன் வளர்ப்பு மீன் கடை முதலாளி தவுக்கேயிடம் ஒரு கல் சொல்லி வைத்திருந்தீர்களாம். அவர் கொண்டு வந்து தொட்டியில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கல்லின் ஓரத்தில் என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போனேன். அது கையை விரித்தது.

அத்தான், நிஜமாகவே கைதான். எட்டு விரல். ஒவ்வொரு விரலிலும் இரண்டு பக்கமும் மயிர் மயிராக. விரிக்கிறது, மூடுகிறது, விரிக்கிறது. பக்கத்தில் இன்னொரு கை, அதற்கு வேறு தாளம். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சில்லுகளைப் பார்க்கிறவள் நான். சின்னதைப் பார்த்து அசருகிறவள் இல்லை. ஆனால் அந்தச் சில்லுகளில் ஒன்றுகூட இதுவரை என்னைப் பார்த்துக் கை தட்டியதில்லை. வேலை முடிந்து வந்து உடுப்புக்கூட மாற்றாமல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அத்தை வந்து சோறு ஆறுகிறது என்று தோளைத் தட்டினார்.

இது என்ன? பெயர் தெரியாததால் நானே கைகொட்டி என்று வைத்துவிட்டேன்.

குவார்ட்டர்ஸ் பற்றி, பிறகு யோசிப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. கல்யாணமாகி மூன்று மாதத்தில் கிளம்பிவிட்டீர்கள். வீடு கிடைத்தால் நான் வருவேன். தெளிவாகவே சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பவானி

*

பிந்துலு
14.4.1996

அன்புள்ள பவானிக்கு,

சித்திரை பிறந்திருக்கிறது. உனக்கும் அம்மாவுக்கும் என் வாழ்த்து. இங்கே நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பாயசம் வைத்தோம், அடிப்பிடித்தது. மற்றபடி சுகம்.

உன் கைகொட்டி எனக்குத் தெரிந்த ஆள்தான். புத்தகத்தில் அதற்குச் சேனியா என்று பெயர். அதுவும் பவள ஜாதிதான், ஆனால் கல் எலும்பு கிடையாது, முழுக்கச் சதை. பார்க்க அழகு. ஆனால் அது ஒரு தொட்டிக்குள் நுழைந்தால் மற்றவற்றுக்கு இடம் வைக்காது. கல்லுக்குக் கல் தாவும். வெளிச்சத்தை மறைத்துவிடும். மெதுவாக வளர்கிறவை அதன் நிழலில் கிடந்து செத்துப்போகும்.

நகம் அளவில் இருக்கும்போதே எடுத்துவிடு. இரக்கப்படாதே.

குமிழ் எப்படி இருக்கிறது? பகலில் நன்றாக உப்புகிறதா?

வெயில் அதிகம் என்று கேள்விப்பட்டேன். குடை எடுத்துப் போ.

அன்புடன்,
திருச்செல்வம்

*

குருபோங்
12.5.1996

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலத்துக்கு அத்தை வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுகிறார். பாயசத்தை இறக்கும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், அதை விட்டுவிட்டு அரட்டை அடித்தால் அடிப்பிடிக்கத்தான் செய்யும்.

நீங்கள் சொன்னபடி எடுத்தேன். எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். கீரை கிள்ளுகிற மாதிரி நகத்தால் கிள்ளினேன். கீரை கிள்ளினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதா? கிள்ளிய இடத்தில் பக்கத்துக்கொன்றாகக் கிளைத்துவிட்டது. என் விரலிலிருந்து நழுவிய துண்டுகள் தண்ணீரோடு போய், பின் கல்லில் ஒன்று, பம்ப்பின் மேல் ஒன்று, கண்ணாடியிலேயே ஒன்று என்று குடியேறிவிட்டன. எடுக்கப் போனவள் நட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கண்ணாடியில் ஒட்டியதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வேர் இல்லை, வாய்கூட இல்லை, அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டுதான். நான்கே நாளில் அந்தத் துண்டுக்குப் புதிதாகக் கை வந்துவிட்டது. முதலில் மடித்து வைத்திருந்தது. பிறகு விரித்தது. விரித்ததும் தட்டத் தொடங்கிவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இவ்வளவு பெரிய வேலை நம் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதை எதிரி என்று நினைக்க வரவில்லை. ஆனாலும் தினமும் எடுக்கிறேன்.

குவார்ட்டர்ஸ் என்ன ஆயிற்று? இரவுச் சோறு தவறாமல் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பவானி

*

பிந்துலு
9.6.1996

அன்புள்ள பவானிக்கு,

நலம். அம்மாவும் நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தொட்டிக்குள் வைத்துக் கிள்ளவே கூடாது. கல்லை வெளியே எடு. வாளியில் வைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் அடியோடு தேய்த்து எடு. தேய்த்ததை வீட்டுக்கு வெளியே கொட்டு. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் திரும்பத் தொட்டிக்குள் போகக் கூடாது.

குமிழைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை. இரண்டு பக்கக் கடிதத்தில் பாயசத்துக்குக்கூட இடம் இருந்தது.

எப்படி இருக்கிறது, பவானி?

அன்புடன்,
திருச்செல்வம்

*

குருபோங்
21.7.1996

அத்தானுக்கு,

வணக்கம். அத்தை நலம். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

பதில் தாமதமாகிவிட்டது. காரணம் இருக்கிறது. போன மாதக் கடைசியில் பாசாரில் சாந்தியைப் பார்த்தேன். உங்களோடு வேலை செய்கிற சாமிநாதன் அண்ணனின் மனைவி, புக்கிட் காத்தில் ஊர்க்காரி. புதுப் பெட்டி வாங்கிக்கொண்டிருந்தாள். "எங்க கிளம்பிட்டீங்க?" என்றேன். "பிந்துலுக்குத்தான்கா. குவார்ட்டர்ஸ் கெடச்சிருச்சு. அது உங்க வீட்டு அண்ணனுக்கு வந்த வீடுலா. வேணாம்னு எங்களுக்கு விட்டுக் குடுத்துட்டாரு. உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள்.

நான் சொன்னார் என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

இனி நானும் மறைக்கவில்லை. குமிழ் நன்றாக இல்லை. மூன்று பக்கமும் கைகொட்டி ஏறிவிட்டது. ஏப்ரல் மாதமே ஒரு ஓரம் சுருங்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் கேட்கும்போதெல்லாம் எழுத உட்கார்ந்து வேறு எதையோ எழுதினேன். பயந்துதான் எழுதவில்லை. இப்போது பயம் போய்விட்டது, கோபம்தான் இருக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. நீங்கள் சொன்னபடி கல்லை எடுத்து வாளியில் தேய்த்தேன். எங்கள் தோட்டத்தில் ஒரு ரப்பர் மரத்தில் வெள்ளை வேர் நோய் வந்தால் சுற்றிலும் பள்ளம் வெட்டுவார்கள், அடுத்த மரத்து வேரை அது தொடாமல் இருக்க. அதே மாதிரி குமிழைச் சுற்றிக் கற்களை நகர்த்தி வெறும் மணலாக விட்டேன். ஒரு வாரம் நின்றது. எட்டாம் நாள் காலையில் மணலுக்கு இந்தப் பக்கம் ஒரு கை தட்டிக்கொண்டிருந்தது. எப்படித் தாண்டியது என்று எனக்குத் தெரியாது. வாளியில் எவ்வளவு எடுக்கிறேனோ அதற்குமேல் மறுவாரம் தொட்டியில் நிற்கிறது. எங்கிருந்துதான் வருகிறதோ.

ஒன்று மட்டும் நன்றாகப் புரிகிறது. இன்னும் ஒரு மாதம் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். குமிழ் போய்விடும். தொட்டியை யார் பார்ப்பது என்று கேட்க உங்களுக்கு ஒன்றும் இருக்காது. நான் பெட்டி கட்டலாம்.

இதை நினைத்துக்கொண்டே நேற்று அதன் முன்னால் உட்கார்ந்தேன். அத்தனை கைகளுக்கு நடுவில் குமிழ் இருக்கிறதா என்றே தெரியவில்லை. முகத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். கீழே இருட்டில் ஏழெட்டு மணிகள் இன்னும் உப்பிக்கொண்டிருந்தன. வெளிச்சம் வராத இடத்தில் வெளிச்சத்துக்காக உப்பிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு என்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

பவானி

*

பிந்துலு
4.8.1996

அன்புள்ள பவானிக்கு,

நீ நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

சாந்தி சொன்னது உண்மை. தொட்டிக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் சரி. கல்யாணமான மூன்று மாதத்தில் உன்னோடு நான் உருப்படியாகப் பேசியது எத்தனை தரம்? ஆள் இல்லாத ஊரில் உன்னைக் கொண்டுவந்து வைத்து நீ அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தொட்டி என்றால் எது குறைகிறதோ அதை ஊற்றலாம். பெண்டாட்டிக்கு எது குறைகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் கடிதங்களைப் படித்த பிறகுதான் எனக்கு உன்னைத் தெரிய வந்தது. ஐந்து வருஷம் அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றிருக்கிறேன். நீ நாலு மாதத்தில் பார்த்ததை நான் பார்த்ததில்லை. துண்டுக்குக் கை முளைப்பதை எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் இப்போது மடிப்பில் கிழிந்துவிட்டது.

அடுத்த வரிசை வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அக்டோபரில் கிடைக்கும். குமிழ் போனால் போகட்டும். நீ தொட்டியைத் தவுக்கேயிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வா. அம்மாவையும் கூட்டி வரலாம் என்றால் வருவாரா, கேட்டுப் பார்.

கோபம் தீரவில்லை என்றால் அதையும் எழுது.

அன்புடன்,
திருச்செல்வம்

*

குருபோங்
25.8.1996

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இருவரும் நலம். கோபம் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது, மீதியை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் போகட்டும் என்று எழுதிவிட்டீர்கள். நான் விடுவதாக இல்லை. இந்த மாதத் தொடக்கத்தில் இங்கே தீபகற்பம் முழுக்கக் கரண்ட் போனதே, அன்று பம்ப்பும் நின்றுவிட்டது. தண்ணீர் அசையாவிட்டால் உள்ளே எல்லாம் மூச்சடைத்துப் போகுமே என்று நான் சோற்றுக் கரண்டியால் தொட்டியைக் கலக்கத் தொடங்கினேன். கை ஓய்ந்தபோது அத்தை வந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். தொட்டியில் கை வைக்கப் பயம் என்றீர்களே, முழங்கை வரை உள்ளே விட்டுக் கலக்கினார். எனக்கு அன்றே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை தலைவலி என்று சீக்கிரம் வேலை விட்டு வந்தேன். கூடத்தில் அத்தை நாற்காலியில் ஏறி நிற்கிறார். ஒரு கையில் என் வாளி. நான் காலையில் தேய்த்து, சாக்கடையில் கொட்டிவிடச் சொல்லிப் பின்வாசலில் வைத்துவிட்டுப் போன வாளி. மறு கையால் அதிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து, கண்ணில் ஒற்றி, தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்ன அத்தை இது?" என்றேன்.

"பவளத்தப் போயி சாக்கடையில கொட்டச் சொல்றியேம்மா. அதுவும் செவ்வாக்கெழம. வீட்டுக்கு ஆகுமா? நீ சின்னப் புள்ள, ஒனக்குத் தெரியாது. நான்தான் ஒவ்வொரு தரமும் எடுத்து விட்டுக்கிட்டிருக்கேன்."

மே மாதத்திலிருந்து, அத்தான். நான் காலையில் எடுக்கிறேன், அவர் மத்தியானம் போடுகிறார். பள்ளத்தைத் தாண்டிய கை யாருடைய கை என்று இப்போது தெரிந்துவிட்டது.

அதைப் பவளம் என்று யார் சொன்னார்கள் என்று கேட்டேன். என் மகன்தான் என்றார். முதல் தொட்டி வாங்கியபோது கரண்ட் பில்லைப் பார்த்து அவர் சத்தம் போட்டாராம். "இதெல்லாம் பவளம்மா, வீட்டுக்கு நல்லது" என்று நீங்கள் வாயை அடைத்தீர்களாம். மோதிரத்தில் வைக்கிற பவளம் நம் வீட்டில் உயிரோடு வளர்கிறது என்று அத்தை ஐந்து வருஷமாக பக்கத்து வீட்டு அன்னம்மா அக்காவிடம் பெருமை பேசி வருகிறார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அழுகையும் வந்துவிட்டது. நான் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் மகன் சொன்னதுதான் அவருக்கு வேதம். நீங்களே எழுதுங்கள். சீக்கிரம்.

இப்படிக்கு,
பவானி

*

பிந்துலு
3.9.1996

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் செல்வத்தின் வணக்கம். நான் நல்ல சுகம். முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் நன்றாக இருக்கிறதாம், வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மா, தொட்டியில் கை தட்டுகிறதே, அது மோதிரப் பவளம் இல்லை. அப்போது நீங்கள் திட்டினீர்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அது களை. வயலில், காட்டில் முளைக்கிற மாதிரி கடலில் முளைக்கிற களை. பவானி எடுத்தால் எடுக்க விடுங்கள்.

கோபப்படாதீர்கள்.

உங்கள் மகன்,
திருச்செல்வம்

*

குருபோங்
6.10.1996

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். வீட்டுச் சாவி கையில் கிடைத்துவிட்டது என்று நீங்கள் போனில் சொன்னதும் அத்தை என்னிடம் போனைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். இதுதான் முதல் தடவை.

உங்கள் கடிதத்தை அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்து மடித்து வைத்தார். "களைன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. முப்பது வருசம் தோட்டத்துல களை புடுங்குனவகிட்ட பவளம்னு பொய் சொல்லியிருக்கான் பாரு" என்றார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினார். அன்றிலிருந்து நான் அவருக்கு உதவியாள்.

தவுக்கேயிடம் கேட்டேன். கல்லை எடுத்துத் தேய்க்க முடியாத இடத்தில் சுண்ணாம்பு வைப்பார்களாம். அவரே அத்தையின் சிவந்த வாயைப் பார்த்துவிட்டு, "வீட்ல வெத்தலச் சுண்ணாம்பு இருக்குலா, அது போதும்" என்றார். முதல் நாள் அத்தை ஆசையாக அள்ளி அப்பிவிட்டார். தண்ணீர் பால் மாதிரி ஆகி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை மாற்றினோம். பிறகு கற்றுக்கொண்டோம். பம்ப்பை நிறுத்திவிட்டு, ஒரு ஈர்க்குச்சியில் வெற்றிலைக்குத் தடவும் அளவு மட்டும் எடுத்து, அடியில் வைத்து, சற்றுப் பொறுத்து, வெள்ளையைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான்.

போன வாரம் குமிழைச் சுற்றி இருந்தது முழுக்க வந்துவிட்டது. ஒரு போர்வை மாதிரி உரிந்தது. அடியில் பார்த்ததும் இடிந்துபோனேன். வெறும் எலும்பு. வெள்ளையாக, தகடு தகடாக. நான் ஜூலையில் பார்த்த மணிகளில் இரண்டுதான் மிச்சம். அத்தை என் முதுகில் கை வைத்தார். நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன். உங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அழவில்லை. அது எனக்கே போய்விட்ட மாதிரி இருந்தது.

நேற்று காலையில் தண்ணீர் ஊற்றப் போனேன். எலும்பின் ஓரத்தில், எதுவுமே இல்லை என்று நான் சத்தியம் செய்திருக்கக்கூடிய இடத்தில், கடுகு அளவில் ஒரு மணி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மைக்ராஸ்கோப் பார்த்த கண், அதனால் தேடினேன். பின்பக்கம் வரை பதினொன்று இருந்தது. அத்தான், அது சாகவே இல்லை. எலும்புக்குள் எங்கேயோ ஒளிந்திருந்துவிட்டு, இடம் கிடைத்ததும் வெளியே வந்திருக்கிறது. நான் அத்தையைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் கை கூப்பிவிட்டோம். கோயிலில்கூட நான் அப்படிக் கூப்பியதில்லை.

தவுக்கேயிடம் தொட்டியைக் கொடுக்கலாம் என்று பேச்செடுத்தேன். "எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்? நீ கெளம்பு. புருசன் பொண்டாட்டி ஆளுக்கொரு ஊர்ல இருக்கவா கட்டி வச்சேன்? இத நான் பாத்துக்கிறேன்" என்றார் அத்தை. எங்களோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். காடு மலை தாண்டி, கடல் தாண்டி அவர் வர மாட்டாராம்.

வேலையை விடுவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டேன். குமிழைச் சாகவிட்டுவிட்டு உங்களிடம் வர எனக்கு ஒரு மாதம் போதுமாக இருந்தது. உயிரோடு வைத்துவிட்டு வர இவ்வளவு நாள் ஆகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
பவானி

*

குருபோங்
1.12.1996

அன்புள்ள மகன் செல்வத்துக்கும் மருமக பவானிக்கும் அம்மா மாரியம்மா எழுதிக்கிறது. நான் நல்லா இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னு மாரியாத்தாள வேண்டிக்கிறேன். எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத்து கோணலா இருக்கும், திருத்திப் படிச்சுக்குங்க.

தீவாளிக்கு முறுக்கு சுட்டேன். யாருக்குன்னு கேக்காதீங்க, கை பழக்கம். அன்னம்மாவும் தவுக்கேயும் எடுத்துக்கிட்டாங்க. தவுக்கே வாரத்துக்கு ஒரு நாள் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாரு. தண்ணி ஊத்தறது, காத்தாடி போடறது எல்லாம் சரியாச் செய்யறேன். பவானி சொன்ன மாதிரி நல்ல தண்ணிதான் ஊத்தறேன். பயப்பட வேணாம்.

குமிழு நல்லா வந்துருச்சு. கடுகு இப்ப பட்டாணி ஆயிருச்சு. காலையில லைட்டு போட்டதும் ஒன்னொன்னா ஊதிக்கிட்டு எந்திரிக்குது. மொதல்ல ஓரத்துல இருக்கறது, அப்புறம் நடுவுல இருக்கறது. நான் வெத்தலை மடிச்சு வாயில போட்டுக்கிட்டு ஒக்காந்து பாக்குறேன். அஞ்சு வருசமா இது என் வீட்டுலதான் இருந்துச்சு. பவளம் பவளம்னு பெருமை பேசுனேனே ஒழிய, ஒரு நாளு நின்னு பாத்தேனா. இவ்வளவு நடக்குதுன்னு யாருக்குத் தெரியும். பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு கலங்குது, ஏன்னு தெரியல.

களைய எல்லாம் எடுத்துட்டேன். பம்ப்புல, கண்ணாடியில, பின்னாடி கல்லுல, எங்கயும் இல்ல. தவுக்கேயே அசந்துட்டாரு.

ஒன்னே ஒன்ன மட்டும் விட்டிருக்கேன். சோபா பக்கத்துல இருக்கற சின்னக் கல்லுல. அதுவும் எடுக்கணும், செல்வம் திட்டுவான்னு தெரியும். சுண்ணாம்பு எடுத்துக்கிட்டு ரெண்டு தரம் போனேன். அது பாட்டுக்குக் கையத் தட்டிக்கிட்டு இருக்கு. இருக்கட்டும்னு வந்துட்டேன். நீங்க கெளம்புனதுக்கு அப்புறம் வீட்டுல அசையறது அது ஒன்னுதான்.

வேற விசேசம் இல்ல. மழை பெய்யுது. முழங்காலு பரவாயில்ல. அவசரப்பட்டு வர வேணாம், லீவு கெடைக்கறப்ப வாங்க.

இப்படிக்கு
அம்மா